மாசி வெயிலும் நானிங் தோப்பும்

குளிர்நாட்டுப் பழத்தோட்டக்காரர்க்கு வசந்தம் மகிழ்ச்சியோடு அச்சத்தையும் உடன்கொண்டு வருகின்றது. ஆப்பிளும் பேரியும் பூத்துக் குலுங்கும் வேளையில் ஓரிரவு உறைபனி இறங்குமாயின், ஓராண்டின் உழைப்பு விடிவதற்குள் கருகிவிடும். ஆகவே, 'இன்றிரவு குளிர் எந்த அளவுக்கு இறங்கும்?' என்னும் கேள்விக்கு விடை கூறுவது அந்நாட்டு வானிலைத் துறைகளின் தனிக் கடமைகளுள் ஒன்றாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆரஞ்சுத் தோப்புகளுக்கென உறைபனி எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன. எச்சரிக்கை வந்த இரவுகளில் மரங்களினிடையே எண்ணெய் அடுப்புகளை எரியவிட்டுத் தோப்பைக் காத்தனர்.

மலாக்கா மாநிலத்து அலோர் காஜாவில் உறைபனியும் இல்லை. நாட்காட்டியிற் குறிக்கத்தக்க வசந்தமும் இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பம். ஆண்டு முழுவதும் மழை. ஆயினும் அங்குள்ள பழமரங்களுக்கும் ஒரு வசந்தம் உண்டு. அது எந்நாளில் வரும், எத்தனை நாள் தங்கும், இடையில் மழை புகுந்து கெடுக்குமா என்பதை முன்னறிய மலாய்த் தோப்புக்காரரும், மலாக்காச் செட்டிகளும், ரப்பர்த் தோட்டத் தமிழரும், வானிலை ஆய்வாளரும் தத்தம் வழியில் முயன்றுள்ளனர். அம்முயற்சிகளின் வரலாறு ஒரு பாடத்தை நமக்கு உணர்த்துகின்றது. வானத்தைப் பற்றிய அறிவு எவ்வளவு பெரிதாயினும், அது ஊரின் அறிவாக மாறினாலன்றி உழவனுக்கு உதவுவதில்லை என்பதே அப்பாடம்.

மரத்தின் வசந்தம்

மலாக்காவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச்சு வரை வீசுவது. அது தீபகற்பத்தின் கீழைக்கரையில் வெள்ளத்தை உண்டாக்கினும், நடுவேயுள்ள மலைத்தொடரைத் தாண்டி மேலைக்கரைக்கு வரும்போது தன் ஈரத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது. அதனால் சனவரி, பிப்ரவரித் திங்கள்களில், அதாவது தை, மாசிப் பருவத்தில், மலாக்காவில் வானம் வெளுத்து, வெயில் காய்ந்து, மண் வெடிக்கத் தொடங்குகின்றது. ஏப்ரலில் காற்றுத் திரும்பும் காலம் வந்ததும் பிற்பகல்தோறும் இடியுடன் மழை பெய்யும். பின்னர்த் தென்மேற்குப் பருவத்தில், சுமத்திராத் தீவின் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து, விடியலுக்கு முன்னே திடீரெனப் பாய்ந்து வரும் புயற்காற்றும் மழையும் உண்டு. 'சுமத்திரா' என்றே அதற்குப் பெயர்.

டுரியான் மரம் பூப்பதற்கு இந்தத் தை மாசி வெயில் இன்றியமையாதது. ஒன்றிரண்டு வாரம் இடைவிடாத வறட்சி வாய்த்தால்தான் மரம் தளிர்ப்பதை நிறுத்திப் பூக்கத் தலைப்படுகின்றது. பருத்த கிளைகளின் அடிப்புறத்திலே சின்னஞ்சிறு முளைகள் தோன்றும். மலாய்த் தோப்புக்காரர் இந்நிலைக்கு 'மாத்தா கெத்தாம்', அதாவது நண்டுக்கண், என்று பெயரிட்டுள்ளனர். நண்டுக்கண் தோன்றியதிலிருந்து ஏறத்தாழ ஒரு திங்களில் பூ மலரும். பூ மலர்ந்ததிலிருந்து மூன்று முதல் நான்கு திங்களில் பழம் விழும். ஆதலால் மாசியில் நண்டுக்கண்ணைக் கண்டவர் ஆனி, ஆடியில் டுரியான் விழுமெனக் கணக்கிட்டுச் சொல்லலாம். தோப்புக்காரருக்கு மரமே பஞ்சாங்கமாக விளங்கியது என்பது மிகையாகாது.

ஆனால் இக்கணக்கில் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, வறட்சி போதிய நாள் நீடிக்குமுன்பே மழை வந்துவிடுதல். அப்போது பூக்கவேண்டிய மரம் மீண்டும் தளிர்விடத் தொடங்கும். இரண்டாவது, பூ மலரும் நாள்களில் மழை பெய்தல். டுரியான் பூ மாலையில் மலர்ந்து, இரவில் தேன் சுரந்து, விடியுமுன் இதழ்களையும் மகரந்தக் கேசரங்களையும் உதிர்த்துவிடுவது. இரவில் வரும் வௌவால்களே மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுசெல்லும் முதன்மைத் தூதுவர். பிற்பகலில் தொடங்கி இரவுவரை நீளும் மழை, மகரந்தத்தைக் கழுவி, வௌவாலின் வருகையையும் தடுத்துவிடும். ஓராண்டுப் பழத்தின் கதி சில மாலைகளிலே முடிவாகிவிடுகின்றது. கலிபோர்னியத் தோப்புக்காரன் அஞ்சியது ஓரிரவு உறைபனியை. நானிங் தோப்புக்காரன் அஞ்சுவதோ சில மாலை மழையை.

நானிங்கும் பத்தில் ஒன்றும்

இன்றைய அலோர் காஜா மாவட்டத்தின் பெரும்பகுதி பழைய நானிங் நாடாகும். மினாங்கபாவ் வழிவந்த மலாய் மக்கள் தாய்வழி உரிமை பேணும் 'அடாட் பெர்பாத்தே' என்னும் மரபைக் கொண்டு அங்கு வாழ்ந்தனர். வயலும் வீட்டுமனையும் பெண்வழியாக இறங்குவது அம்மரபு. வீட்டைச் சுற்றி டுரியானும் மங்குஸ்தீனும் ரம்புத்தானும் டுக்குவும் கலந்து நிற்கும் தோப்பு அவ்வாழ்வின் ஓர் உறுப்பாக இருந்தது. டுரியான் மரம் ஒரு தலைமுறையில் நட்டுப் பல தலைமுறைகள் பயன்கொள்ளும் மரம். ஆதலால் எந்த மரம் முந்திப் பூக்கும், எது பிந்தும், எந்தச் சரிவில் மழை அதிகம் என்ற அறிவு நிலத்தோடு சேர்ந்தே வழிவழி இறங்கியது என்று கொள்ளலாம்.

இந்நிலத்தின் விளைவு எவ்வளவு என்பதைப் பற்றியே 19ஆம் நூற்றாண்டில் ஒரு போர் மூண்டது. நானிங் மக்கள் விளைவில் பத்தில் ஒரு பங்கு தரவேண்டுமென்பது ஒல்லாந்தரின் பழைய கோரிக்கை. ஆயினும் அதனை முழுமையாகத் தண்ட இயலாதென்று கண்ட ஒல்லாந்தர், 1765ஆம் ஆண்டில் அதை ஆண்டுக்கு 400 காந்தாங் நெல்லாகக் குறைத்துக்கொண்டனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி மலாக்காவைப் பெற்ற ஆங்கிலேயர், பழைய ஏட்டைப் புரட்டிப் பத்தில் ஒரு பங்கை மீண்டும் கேட்டனர். நானிங் தலைவர் டோல் சைட் மறுத்தார். 1831ஆம் ஆண்டில் சென்னைப் படையின் சிப்பாய்களைக் கொண்டு சென்ற முதற்படை தோற்றுத் திரும்பியது. காட்டை வெட்டிப் பாதை அமைத்துக்கொண்டே முன்னேறிய இரண்டாம் படை, 1832ஆம் ஆண்டு சூன் திங்களில்தான் தாபோவைக் கைப்பற்றியது. 1834இல் சரணடைந்த டோல் சைட், உதவித்தொகை பெற்று, மலாக்காவில் பயிர்த்தொழில் செய்து வாழ்ந்து, 1849ஆம் ஆண்டில் மறைந்தார். அப்போரில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகள் அலோர் காஜாவில் உள்ளன.

போரின் செலவு, நானிங்கிலிருந்து எதிர்பார்த்த வருவாயைவிடப் பன்மடங்கு மிகுந்தது என்பதை வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். இங்கு நாம் கருத்திற்கொள்ள வேண்டியது வேறொன்று. வானத்தை நம்பிய நிலத்தில் விளைவு ஆண்டுதோறும் ஏறி இறங்கும். பழத்தோப்பில் அது இன்னும் மிகுதியாக ஏறி இறங்கும். ஏட்டிலே எழுதிய 'பத்தில் ஒன்று' ஒரே அளவினதாகத் தோன்றும். தோப்பிலே அது ஓராண்டு குவியலாகவும் மற்றோராண்டு வெறுங்கூடையாகவும் இருக்கும். வெளியிலிருந்து வந்த ஆட்சிக்கு விளைவின் அளவு தேவைப்பட்டது. அவ்வளவை ஆக்கும் மழையைப் பற்றிய உள்ளூர் அறிவு அவ்வாட்சியிடம் இல்லை.

கடல் கடந்த பஞ்சாங்கம்

மலாக்காவிற்குத் தமிழர் கொணர்ந்த மழையறிவு மிகத் தொன்மையானது. கௌடிலியரின் பொருள்நூல் பண்டசாலையில் மழையை அளக்கும் கலம் வைக்க விதிக்கின்றது. நாட்டுப் பகுதிகள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு மழை பெய்யும் என்றும் கணக்குத் தருகின்றது. 6ஆம் நூற்றாண்டில் உச்சயினியில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் மேகம் கருக்கொள்ளும் அடையாளங்களை விரித்துரைத்தார். கருக்கொண்ட நாளிலிருந்து 195ஆம் நாளில் அக்கரு மழையாகப் பிறக்கும் என்பது அவர் கொள்கை. தமிழகத்தில் இக்கொள்கை 'கர்ப்போட்டம்' என்ற பெயரில் வழங்குகின்றது. மார்கழிப் பிற்பகுதியில் சூரியன் பூராட விண்மீனில் நிற்கும் ஏறத்தாழ 14 நாளும் மேகம், காற்று, தூறல் ஆகியவற்றைக் கவனித்து, வரும் ஆண்டின் மழையை மதிப்பிடுவர். அதனோடு, அவ்வாண்டின் மேகாதிபதி யார், மழை எத்தனை மரக்கால் என்றும் பஞ்சாங்கம் கூறும்.

இப்பஞ்சாங்கம் மலாயாவிலும் தமிழர் இல்லங்களில் திருமணம், திருவிழா, நல்லநேரம் ஆகியவற்றுக்கு வழிகாட்டியது, இன்றும் வழிகாட்டுகின்றது. ஆனால் மழையைப் பொறுத்தவரை அதன் கணக்கு அங்கே பொருந்த வழியில்லை. சனவரித் தொடக்கத்தில் கருக்கொண்ட மேகம் 195 நாள் கழித்துப் பிறக்குமானால், அது சூலை நடுப்பகுதியாகும். உச்சயினியில் அது பருவமழை வலுக்கும் காலம். கணக்கு அந்நிலத்துக்கு ஏற்றது. தமிழகத்தின் கீழைக்கரைக்கோ பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். மலாய்த் தீபகற்பத்திலோ சூலை, தென்மேற்குப் பருவத்தின் நடுவே ஒப்பீட்டளவில் மழை குறைந்த காலம். பஞ்சாங்கம் பழையதாயிற்று என்பதால் பொய்க்கவில்லை. வேறொரு நிலத்தின் பருவத்தைச் சுமந்து வந்ததால் பொய்த்தது. ஆயினும் மார்கழி, தை வானத்தை நாள்தோறும் உற்று நோக்கும் பழக்கம் அலோர் காஜாவில் வீணன்று. அந்நாள்களில் மேகம் கலைந்து வானம் வெளுத்தால், டுரியான் வேண்டும் வறட்சி நெருங்குகின்றது என்று உணரலாம். கணக்கு கடல் கடக்கவில்லை. கண் கடல் கடந்தது எனலாம்.

வந்த நிலத்தின் பருவத்தைத் தம் வழிபாட்டினுள்ளேயே ஏற்றுக்கொண்டவர் மலாக்காச் செட்டிகள். மலாக்காச் சுல்தான்களின் காலத்து வணிகர் வழிவந்த இச்சமூகம், மலாய்மொழி பேசினும் சைவ நெறியைக் கைவிடாதது. 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையதே. முன்னோர்க்குப் படையலிடும் சடங்கை அவர்கள் 'பார்ச்சு' என்பர். ஒரு பார்ச்சு போகி நாளில் நடைபெறும். அது தமிழகத்திலிருந்து வந்த நாள். மற்றொன்று ஆண்டின் நடுவில், பழக்காலத்தில் நடைபெறும். டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் முதலிய மலாயாப் பழங்கள் அப்போது முன்னோர்க்குப் படைக்கப்படும். இரண்டாவது படையல் தமிழகத்துப் பஞ்சாங்கம் வகுத்ததன்று. மலாக்காவின் மரங்கள் வகுத்தது. போகிக்கும் பழப் படையலுக்கும் இடைப்பட்ட காலமே வறட்சி, நண்டுக்கண், பூ, காய், பழம் என்னும் முழுச் சுற்றும் நிகழும் காலம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஒரே வெயில், இரு கணக்கு

1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிக முறையில் நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்த சில ஆண்டுகளில் மரவள்ளி பயிரிட்ட நிலங்களெல்லாம் ரப்பருக்கு மாறின. அலோர் காஜா வட்டாரத்திலும் ரப்பர்க் காடு பரவியது. அதனோடு தமிழகத்திலிருந்து கங்காணிகள் திரட்டிய தொழிலாளரும் வந்தனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் ஏற்றுமதியைத் தடைசெய்யும்வரை அந்த வரவு தொடர்ந்தது.

இவ்வாறு, மலாய்க்காரர் தோப்பும் தமிழர் வேலைசெய்த தோட்டமும் அண்டை அயலாயின. இரண்டிற்கும் வானம் ஒன்றே. ஆனால் கணக்கு வேறு. ரப்பர் மரம் சனவரி முதல் மார்ச்சுவரையிலான வறட்சியில் இலையுதிர்த்துப் பின் தளிர்க்கும். அப்போது பால் குறையும். பால் குறைந்தால் நிறையைப் பார்த்துக் கூலிபெறும் தொழிலாளியின் வருவாயும் குறையும். அதே வறட்சியில்தான் அடுத்த தோப்பில் டுரியான் நண்டுக்கண் விடும். மாசி வெயில் தோப்புக்கு வசந்தம், லயத்துக்கு முடை.

மழையும் அவ்வாறே. விடியற்காலையில் பெரட்டு நடக்குமுன்பே மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்று மரம் வெட்ட இயலாது. வெட்டிய பின் பெய்தால், வெட்டுவாயிலிருந்து வழியும் பால் நேர்கோட்டில் இறங்காமல் மரமெங்கும் பரவிப் போகும். மங்கில் சேர்ந்த பாலும் நீரோடு கலந்து கெடும். ஆதலால் 'விடியலில் மழை வருமா?' என்பது தோட்டத் தொழிலாளிக்கு அன்றாடச் சோற்றைப் பற்றிய கேள்வி. அதிலும் விடியலுக்கு முன்னே பாயும் சுமத்திரா மழை அவனுடைய வேலைநேரத்தைக் குறிபார்த்து வருவதுபோல் அமைந்தது. இலைதளிர்க்கும் பருவத்தில் தூறலும் ஈரமும் தொடர்ந்தால் இளந்தளிரில் வெண்சாம்பல் நோய் பற்றி, இலை மறுபடியும் உதிரும். பால் குறைந்த காலம் மேலும் நீளும். 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்த நோய்களுள் இதுவும் ஒன்று.

இதனால் தோட்டங்களில் மழையை அளக்கும் வழக்கம் ஏற்பட்டது. அலுவலகத்தின் முன்னே திறந்த வெளியில் ஒரு மழைமானி நிற்கும். காலைதோறும் அதில் சேர்ந்த நீரை அளந்து ஏட்டில் பதிவார்கள். எத்தனை நாள் மழையால் வேலை நின்றது என்பது திங்கள் அறிக்கையில் இடம்பெறும். நிர்வாகத்திற்கு அது உற்பத்திக் கணக்கு. ஆனால் அவ்வேடுகளைச் சேர்த்துப் பார்த்தால், மலாயாவின் ஒவ்வொரு சிற்றூரிலும் நாள்தோறும் பெய்த மழையின் வரலாறு அது. கௌடிலியர் விதித்த மழைக்கலம், 2,000 ஆண்டுகளுக்குப் பின், கடல் கடந்த ரப்பர்த் தோட்டத்தில் நின்றது என்று சொன்னால் தவறாகாது.

சென்னையிலிருந்து பசிபிக்கு வரை

அறிவியல் முறையில் வானிலையைப் பதியும் வேலைக்குச் சென்னை ஒரு தொட்டிலாகும். 1792ஆம் ஆண்டில் அங்கு எழுந்த வானாய்வுக்கூடம் 1796 முதல் வானிலைக் குறிப்புகளை வைத்திருந்தது. 1864இன் கல்கத்தாப் புயலும் அதையடுத்து வந்த பஞ்சங்களும் அரசை உலுக்கியதன் பின்னர், 1875இல் இந்திய வானிலைத் துறை அமைக்கப்பட்டது. 1904 முதல் 1924 வரை அதன் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் கணித அறிஞர். பருவமழை பொய்க்கும் ஆண்டுகளை முன்னறிய, உலகெங்குமிருந்து வந்த காற்றழுத்த, மழைப் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். பசிபிக்கின் ஒருபுறம் அழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடற்புறம் தாழ்வதும், அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்வதுமாகிய ஓர் ஊசலாட்டத்தைக் கண்டு, 1924ஆம் ஆண்டில் அதற்குத் 'தென் அலைவு' எனப் பெயரிட்டார். பசிபிக் கடல் வெப்பமடையும் எல் நினோவும் இவ்வலைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை 1969இல் பியர்க்னெஸ் விளக்கினார்.

வாக்கர் தேடியது இந்தியாவின் பஞ்சத்திற்கு விடை. ஆனால் அவர் கண்டது மலாயாவின் மரங்களுக்கும் திறவுகோலாயிற்று. மலாயாக் காடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணற்ற மரங்கள் ஒரே காலத்தில் பூத்துக் காய்க்கும் வியப்பு உண்டு. பழமரங்களும் அதில் பங்குகொள்ளும். மலேசிய வனவியலறிஞர் எஸ். அப்பன்னா இதனை ஆராய்ந்து 1985இல் எழுதினார். 1988இல் ஆஷ்டன், கிவ்னிஷ் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, எல் நினோவோடு தொடர்புற்று, தொடர்ந்து மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகள் வெப்பம் வழக்கத்தைவிடச் சுமார் 2 பாகை தாழ்வதே இப்பெரும்பூப்பைத் தூண்டக்கூடும் என்று கருதியது. வறட்சியில் மேகமில்லா வானம் இரவில் தன் வெப்பத்தை இழப்பதால் இத்தகைய குளிர்ச்சி உண்டாகின்றது. மாசி வெயிலின் பின்னே மாசி இரவின் குளிரும் ஒளிந்திருந்தது.

இவ்வறிவை உழவரிடம் கொண்டுசேர்த்த முன்மாதிரியும் இந்தியாவில் உண்டு. 1932ஆம் ஆண்டில் புனேயில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கியபோது, பாலக்காட்டில் பிறந்தவரும் சி. வி. இராமனின் மாணவருமான எல். ஏ. இராமதாஸ் அதனை நடத்தினார். மண்ணுக்கு மிக அண்மையிலுள்ள காற்றின் வெப்பத்தை அவர் நுட்பமாக ஆராய்ந்தார். பயிர் வாழ்வது அக்காற்றில்தான் என்பதே அவ்வாராய்ச்சியின் சிறப்பு. 1945 முதல் உழவருக்கான வானிலை அறிக்கைகள் வானொலி வழியே ஒலிபரப்பாயின. மலாயாவில் 1920களின் இறுதியில் வானிலைப் பணித்துறை அமைந்தது. இன்று அதன் வழிவந்த மலேசிய வானிலைத் துறை, துணைக்கோள், ராடார், கணிப்பொறி ஆகியவற்றின் துணைகொண்டு மாவட்டவாரியாகச் சில நாள்களின் வானிலையை முன்கூட்டி அறிவிக்கின்றது. எல் நினோவின் வரவும் சில திங்கள்களுக்கு முன்பே தெரிந்துவிடுகின்றது.

ஒற்றை டுரியான் சொல்வது

இத்தனை அறிவு வளர்ந்த பின்னும் தோப்புக்காரரின் கேள்விக்கு முழு விடை கிட்டிவிடவில்லை. ஏப்ரல் மாதத்து இடிமழை சில கல் தொலைவுக்குள்ளே பெய்து ஓய்வது. மஸ்ஜித் தானாவில் கொட்டும் மழை புலாவ் செபாங்கில் ஒரு துளியும் விழாமற்போகலாம். 'அலோர் காஜா மாவட்டத்தில் பிற்பகலில் இடியுடன் மழை' என்னும் அறிவிப்பு பிழையானதன்று. எனினும் இந்தத் தோப்பில், இந்த மாலையில், பூ மலரும் வேளையில் மழை உண்டா என்பதை அது கூறுவதில்லை.

வறட்சியும் அளவு மீறினால் நஞ்சு. இம்மாவட்டத்திலே 'ஒற்றை டுரியான்' என்று பொருள்படும் டுரியான் துங்கல் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பெயர் தாங்கிய நீர்த்தேக்கம் 1991ஆம் ஆண்டின் வறட்சியில் வற்றி, மலாக்கா மாநிலமே குடிநீருக்குத் தவித்தது. ஒன்றிரண்டு வார வறட்சி பூவைத் தரும். திங்கள்கணக்கில் நீளும் வறட்சி பிஞ்சை உதிர்க்கும். நன்மையும் தீமையும் ஒரே வெயிலின் இருவேறு அளவுகளே. எவ்வளவு என்பதை அளந்து பார்த்தவரே அறிவர்.

அளந்தவர்களோ இன்று குறைந்து வருகின்றனர். 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படலாயின. அதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஆயினும் பின்வந்த பத்தாண்டுகளில் ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டது. தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. லயத்தை விட்டுத் தமிழர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டம் விற்கப்படும்போது நிலத்திற்கும் மரத்திற்கும் கட்டடத்திற்கும் விலை பேசுவார்கள். மழை ஏட்டிற்கு விலை பேசுவார் இல்லை. ஒரு தோட்டம் மறைந்தால் அங்கே நாள்தோறும் மழையை அளந்த கை ஓய்கின்றது. விடியல் வானத்தைப் பார்த்தே 'இன்று பெரட்டு உண்டு, இல்லை' என்று சொல்லிய கண்ணும் அந்நிலத்தை விட்டு அகல்கின்றது.

இழப்பு முற்றியதென்று கருதவேண்டியதில்லை. இன்று டுரியான் முன்னெப்போதையும்விட விலையுயர்ந்த பழம். விதையிலிருந்து முளைத்த பழைய நாட்டு மரங்களுக்குப் பக்கத்தில், 1993இல் பதிவுபெற்ற 'மூசாங் கிங்' முதலிய ஒட்டுவகைகள் நடப்படுகின்றன. பெரும்பொருள் இட்டு நடுவோர்க்கு, மழையை அளக்கும் சிறு கலம் ஒரு செலவன்று. கெமுனிங்கிலும் ரும்பியாவிலும் தெபோங்கிலும் தோப்புக்கொரு மழைமானி இருந்து, வறட்சி தொடங்கிய நாள், நண்டுக்கண் தோன்றிய நாள், பூத்த நாள், மழை பெய்த மாலை, பழம் விழுந்த நாள் ஆகிய ஐந்தும் பத்தாண்டுக் காலம் பதியப்படுமானால், வானிலைத் துறையின் மாவட்ட அறிவிப்பை ஒவ்வோர் ஊருக்கும் பெயர்த்துரைக்கும் உரைநூலாக அது விளங்கும். இவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் முற்றத்திலும் இவ்வேலை நடைபெறலாம்; மாணவர்க்கு அதைவிட நல்ல நிலவியற்பாடம் கிடைப்பது அரிது.

வராகமிகிரரின் 195 நாள் உச்சயினி வானத்தைப் பல தலைமுறை பார்த்து எழுந்த கணக்கு. வாக்கரின் தென் அலைவு உலகெங்கும் எளியோர் பலர் நாள்தோறும் எழுதிவைத்த பதிவுகளிலிருந்து எழுந்தது. இரண்டிற்கும் அடிப்படை, ஓரிடத்தில் நின்று விடாமல் பார்த்த கண்களும் விடாமல் எழுதிய கைகளுமே. நானிங்கின் மழையை அளக்க ஆங்கிலேயரின் பத்தில் ஒன்றும் உதவவில்லை. கடல் கடந்த மரக்கால் கணக்கும் உதவவில்லை. நானிங்கிலே பெய்ததை நானிங்கிலே அளந்த ஏடுகளே உதவும். பழைய தோட்டங்களின் அலுவலக அலமாரிகளில் அத்தகைய ஏடுகள் இன்னும் எஞ்சியிருக்குமாயின், அவை கறையானுக்கு இரையாகுமுன் காக்கப்படுதல் வேண்டும். அவற்றின் வரிதோறும் ஒரு மழையின் அளவோடு, அம்மழையால் ஒரு தொழிலாளி இழந்த நாட்கூலியும் பதிந்துள்ளது.